இளையோர்க்கு எண் கற்பித்தல்

எண்ணும் எழுத்தும் மக்களுக்கு இரு விழிகளை ஒத்தன என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. திருவள்ளுவர் இவ்விரண்டையும் ஒருங்கே கூறுமிடத்து எண்ணையே முதற்கண் வைத்தார். எழுத்தறியாத முதியோர் பலரை நாம் கண்டிருக்கிறோம். எண்ணறியாது வாழ்பவரைக் காண்டல் அரிது. மேய்ச்சலுக்குச் சென்ற ஆடுகள் மாலையில் பட்டிக்குத் திரும்புங்கால் அவற்றை எண்ணுதல் வேண்டும்; களத்து மேட்டில் நெல்லை அளத்தல் வேண்டும்; சந்தையில் கொடுத்த பணத்திற்கு மீதி பெறுதல் வேண்டும். இவற்றுள் ஒன்றேனும் கூட்டலும் கழித்தலும் இன்றி நடைபெறாது. பெருக்கலும் வகுத்தலும் இவ்விரண்டன் வழிவந்தனவே. ஆகவே, கணக்கு என்னும் மாளிகைக்குக் கூட்டலும் கழித்தலும் கடைக்கால் எனலாம். கடைக்கால் சாயின் மாளிகை நில்லாது.

இத்துணைச் சிறப்பு வாய்ந்த எண்ணைச் சிறு குழந்தைக்குக் கற்பிக்கும்போது நாம் ஒரு பெருந்தவறு செய்கிறோம். குழந்தை 'ழ'கரத்தைக் கோணலாக எழுதினால் நாம் சினம் கொள்வதில்லை. அதன் கையைப் பற்றி மீண்டும் எழுதுவிக்கிறோம். அக்குழந்தையே எட்டும் ஐந்தும் பன்னிரண்டு என்று கூறிவிட்டால், "இதுகூடவா தெரியவில்லை?" என்று சீறுகிறோம். இவ்வேறுபாடு எதனால் எழுந்தது? எட்டும் ஐந்தும் பதின்மூன்று என்பது நமக்குப் பகலவனைப்போல் விளங்குகிறது. நமக்கு விளங்குவது பிறர்க்கும் விளங்கியே தீரும் என மயங்குகிறோம். நாமும் ஒரு காலத்தில் விரல் மடக்கி எண்ணியே அதனை அறிந்தோம் என்பதை மறந்துவிடுகிறோம்.

"உயர்நிலை வகுப்பில் பயிலும் எங்களுக்கு இச்சிறு கணக்கைப் பற்றிய பேச்சு எதற்கு?" என்று மாணவர்களாகிய நீங்கள் வினவலாம். உங்களுள் பலர்க்குத் தம்பியோ தங்கையோ உண்டு. பெற்றோர் வேலைக்குச் சென்று களைத்துத் திரும்பும் இல்லங்களில் இளையோர்க்கு ஆசான் ஆவோர் நீங்களே. இது நம் நாட்டில் புதுவதன்று. பழைய திண்ணைப் பள்ளிகளில் ஆசிரியர் ஒருவரே இருப்பார். மாணாக்கரோ பல அகவையினராய் இருப்பர். மூத்த மாணாக்கன் ஒருவன் சட்டாம்பிள்ளையாய் இருந்து இளையோர்க்கு மணலில் எழுத்தும் எண்ணும் பயிற்றுவான். எண்சுவடி என்னும் வாய்பாட்டு நூலை ஒருவன் முன்சொல்ல, மற்றையோர் பின்சொல்லுவர்.

இம்முறையின் பயனை மேனாட்டாரும் கண்டனர். 1789ஆம் ஆண்டில் சென்னையிலிருந்த ஆண் அனாதைச் சிறுவர் இல்லத்தின் பொறுப்பை ஸ்காட்லாந்து நாட்டவராகிய ஆண்ட்ரூ பெல் என்பார் ஏற்றார். நம் நாட்டுச் சிறுவர் மணலில் எழுதிப் பயிலுதலை அவர் கண்டு, அதனைத் தம் இல்லத்திலும் புகுத்தினார். மூத்த மாணாக்கரைக் கொண்டே இளைய மாணாக்கருக்குக் கற்பிக்கவும் செய்தார். தாயகம் திரும்பியபின் 1797ஆம் ஆண்டில் தம் அனுபவத்தை நூலாக வெளியிட்டார். 'சென்னை முறை' என்னும் பெயராலேயே அஃது இங்கிலாந்துப் பள்ளிகளிற் பரவியது.

அண்மைக் காலத்திலும் இதன் தேவையை நாம் உணர்ந்தோம். 2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் கொரோனாத் தொற்றினால் பள்ளிகள் மூடப்பட்டன. தமிழ்நாட்டில் தொடக்க வகுப்புப் பிள்ளைகள் 2021ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் வரை வகுப்பறையைக் காணாதிருந்தனர். அக்காலத்தில் எத்தனையோ இல்லங்களில் அக்காளும் அண்ணனுமே ஆசிரியர் ஆயினர். அதனால் நேர்ந்த இழப்பை ஈடுசெய்ய 2022ஆம் ஆண்டில் ஒன்று முதல் மூன்று வரையுள்ள வகுப்புகளுக்குத் தொடங்கப்பெற்ற திட்டம் 'எண்ணும் எழுத்தும்' என்னும் பெயரையே தாங்கியது. ஆதலின், இளையோர்க்கு எண் கற்பிக்கும் வழியை அறிதல் உங்கள் கடமைகளுள் ஒன்றாம்.

அவ்வழியை நான் நூலினின்று அறிந்தேன் அல்லேன். தவறு செய்து அறிந்தேன். அதனை உங்கட்குக் கூறுதல் நலம் என எண்ணுகிறேன்.

அப்போது எனக்கு அகவை பதினான்கு. என் தம்பி ஏழு வயதினன். இரண்டாம் வகுப்பிற் பயின்றுகொண்டிருந்தான். "மாலைதோறும் தம்பிக்குக் கணக்குச் சொல்லிக்கொடு" என்று எந்தையார் என்னைப் பணித்தார். நானும் விளக்கேற்றிய உடனே அவனை அழைத்துப் பலகையில் கணக்கு எழுதிக் கொடுப்பேன். எட்டும் ஐந்தும் எத்துணை என்றால் பன்னிரண்டு என்பான். ஆறும் மூன்றும் எட்டு என்பான். ஒன்பதும் நான்கும் பன்னிரண்டு என்பான். கழித்தற் கணக்கிலோ, ஒன்பதில் மூன்று போனால் ஏழு என்பான். "தவறு" என்று கூறி ஒரு குட்டு வைப்பேன். அவன் மீண்டும் விரல்விட்டு எண்ணி முன்கூறிய விடையையே கூறுவான். பிடிவாதத்தால் அவ்வாறு கூறுகிறான் என்று கருதி மீண்டும் குட்டுவேன்.

நாட்கள் சில சென்றன. விளக்கேற்றும் பொழுது நெருங்கினால் தம்பிக்கு வயிற்று வலி வரத் தொடங்கியது. ஒருநாள் மாலை அவனைக் காணவில்லை. தெருவெல்லாம் தேடினோம், கிணற்றடிக்கும் ஓடிச்சென்று பார்த்தோம். எங்கள் அன்னையார் அழத் தொடங்கிவிட்டார். இறுதியில் நெற்குதிரின் பின்புறத்தில், பலகையை மார்போடு அணைத்தவண்ணம் அவன் உறங்கிக்கிடக்கக் கண்டோம். பலகையில் நான் கொடுத்த கணக்குகளை எழுதி எழுதி அழித்திருந்தான். அடித்தலுக்கு அஞ்சி ஒளிந்தவன், ஒளிந்த இடத்திலும் அக்கணக்கைத் தானே செய்ய முயன்றிருக்கிறான்! அவன் பிடிவாதக்காரன் அல்லன் என்பது அப்போதுதான் எனக்குத் தோன்றிற்று.

எங்கள் பாட்டியார் கையொப்பமும் இடத் தெரியாதவர். மறுநாள் அவர் முற்றத்தில் அமர்ந்து புளியைக் கொட்டை நீக்கிக்கொண்டிருந்தார். தம்பியை அருகில் அழைத்து அமர்த்தினார். எட்டுப் புளியங்கொட்டைகளை அவனைக் கொண்டே எண்ணுவித்து, அவற்றின்மேல் ஒரு கொட்டாங்கச்சியைக் கவிழ்த்தார். ஐந்து கொட்டைகளை வெளியே வரிசையாக வைத்தார்.

"கண்ணு, உள்ளே எத்தனை?" என்றார்.

"எட்டு" என்றான் தம்பி.

"வெளியே இருப்பதையும் சேர்த்து எண்ணு. ஒவ்வொன்றையும் தொட்டு எண்ணு."

தம்பி வெளியே இருந்த முதற்கொட்டையைத் தொட்டு, "எட்டு" என்றான். அடுத்ததைத் தொட்டு, "ஒன்பது" என்றான். இவ்வாறே பன்னிரண்டில் முடித்தான்.

பாட்டியார் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. தவறு என்றும் கூறவில்லை. "எட்டு உள்ளே அல்லவா இருக்கிறது? அது எப்படி வெளியே வந்தது?" என்று மட்டும் கேட்டார்.

தம்பி சற்று நேரம் கொட்டாங்கச்சியையே நோக்கியிருந்தான். பின்பு அதன்மேல் கையை வைத்து, "எட்டு" என்றான். வெளியே இருந்த முதற்கொட்டையைத் தொட்டு, "ஒன்பது" என்றான். பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று தொட்டு வந்து, இறுதிக் கொட்டையில் "பதின்மூன்று" என்றான். பாட்டியார் கொட்டாங்கச்சியை எடுத்துவிட்டு அனைத்தையும் எண்ணச் சொன்னார். பதின்மூன்றே இருந்தன. தம்பியின் முகம் மலர்ந்தது. ஒன்பதில் மூன்றை நீக்கும் கணக்கையும் அவனே கொட்டைகளை வைத்துச் செய்து பார்த்தான். ஒன்பது, எட்டு, ஏழு எனப் பின்னோக்கி எண்ணுகையில் ஒன்பதையே முதல் எண்ணாகக் கொண்டதால், ஆறில் முடிய வேண்டியது ஏழில் முடிந்தது. கூட்டலில் ஒன்று குறைந்ததும் கழித்தலில் ஒன்று மிகுந்ததும் ஒரே பிழையின் இரு பக்கங்கள் என்பது விளங்கிற்று.

பின்பு பாட்டியார் என்னை நோக்கி, "பெரியவனே, அவனுக்கு எண்ணத் தெரியும், எங்கே தொடங்குவது என்பது மட்டுமே தெரியவில்லை. நாள்தோறும் நீ விடையைக் கேட்டாய். அவன் எப்படி எண்ணினான் என்று ஒருநாளாவது கேட்டாயா?" என்றார். நான் விடை கூற இயலாது தலைகுனிந்தேன்.

பிழை ஒரு மாலைப்பொழுதில் நீங்கிவிட்டது. அச்சமோ அவ்வாறு எளிதில் நீங்கவில்லை. நான் என் தலைமயிரை ஒதுக்கக் கையை உயர்த்தினாலும் தம்பி தன் தலையைத் தாழ்த்திக்கொள்வான். குட்டியது ஒரு நொடி. அக்குட்டின் அச்சம் அகல ஓராண்டு சென்றது.

இந்நிகழ்ச்சியால் நான் அறிந்த உண்மை யாதெனின், குழந்தையின் பிழைக்குள் ஒரு முறை மறைந்திருக்கிறது என்பதே. குழந்தை மனம்போனவாறு விடை கூறுவதில்லை. தான் உண்மையெனக் கருதிய ஒரு வழியிலேயே சென்று அவ்விடையை அடைகிறது. அவ்வழியைக் கண்டறிந்து, அது திரும்ப வேண்டிய இடத்தைக் காட்டுவதே கற்பித்தல். விடை தவறென்று மட்டும் கூறுதல், வழி தவறியவனை நோக்கி, "நீ ஊர்வந்து சேரவில்லை" என்று கூறுதலை ஒக்கும்.

இனி, வீட்டில் எண் கற்பிக்கும் முறையை ஒருவாறு காண்போம்.

முதலில் பொருள், பின்பு சொல், அதன்பின் குறி, இதுவே வரிசை. புளியங்கொட்டை, சோழி, கூழாங்கல், வேப்பமுத்து ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றை இருபது அளவில் சேர்த்துக் கொடுங்கள். குழந்தை அவற்றைத் தொட்டும் நகர்த்தியும் எண்ணட்டும். மூன்றையும் நான்கையும் ஒன்றாகக் குவித்து ஏழு என உணர்ந்தபின், "மூன்றும் நான்கும் ஏழு" என வாயாற் கூறட்டும். அதன்பின்னரே 3 + 4 = 7 எனப் பலகையில் எழுதுக. கையறியாத எண்ணை வாய் கூறுதல் கிளி சொல்வதை ஒக்கும். கிளி 'நெருப்பு' என்று சொல்லுமேயன்றி நெருப்பைக் கண்டு விலகாது. விரல்விட்டு எண்ணும் குழந்தையைத் தடுத்தலும் வேண்டா. நடைபழகும் குழந்தைக்கு நடைவண்டி எத்தன்மைத்தோ, எண் பழகும் குழந்தைக்கு விரல்களும் அத்தன்மையன. கால் உறுதி பெற்றபின் நடைவண்டி தானே மூலைக்குப் போய்விடும்.

அடுத்து, பத்தின் இணைகளைப் பழக்குக. இரு கைகளையும் விரித்து, மூன்று விரல்களை மடக்கினால் நிமிர்ந்து நிற்பன ஏழு. நான்கை மடக்கினால் ஆறு. ஒன்றும் ஒன்பதும், இரண்டும் எட்டும், மூன்றும் ஏழும், நான்கும் ஆறும், ஐந்தும் ஐந்தும் பத்து ஆகும். இவ்வைந்து இணைகளும் நாவில் ஏறிவிட்டால், பத்தைக் கடக்கும் கூட்டல் எளிதாகும். எட்டோடு ஐந்தைக் கூட்டவேண்டின், எட்டுக்கு இணை இரண்டு. ஐந்திலிருந்து அவ்விரண்டைக் கொடுத்தால் பத்து நிரம்பும். எஞ்சிய மூன்றைச் சேர்த்தால் பதின்மூன்று.

இவ்விடத்தில் நம் தாய்மொழி செய்யும் உதவியைக் கவனியுங்கள். பதின்மூன்று என்னும் சொல்லிலேயே பத்தும் மூன்றும் உள்ளன. இருபது என்பது இரு பத்து. முப்பது என்பது மூன்று பத்து. எண்ணின் பெயரை எண்ணியே சொன்னால் அதன் அமைப்பும் விளங்கும். எனினும், ஒன்பது பத்து என்பது தொண்ணூறு எனத் திரிந்து வழங்குகிறது. தொல்காப்பியர் குற்றியலுகரப் புணரியலில் எண்ணுப்பெயர்கள் புணரும் முறையை விரித்துரைக்குமிடத்து இத்திரிபையும் விளக்கினார். எண்பத்தொன்பதை அடுத்து, "ஒன்பது பத்து" என்று குழந்தை கூறுமாயின் நகையாதீர். இருபத்தொன்பதை அடுத்து, "இருபத்துப் பத்து" என்று கூறினும் நகையாதீர். அது மொழியின் ஒழுங்கை உணர்ந்தே கூறுகிறது. விலக்கை மட்டும் இன்னும் அறியவில்லை.

கூட்டலினும் கழித்தல் குழந்தைக்குக் கடினமாய்த் தோன்றும். அதற்குக் காரணம் உண்டு. கழித்தல் ஒரே முகத்தோடு வருவதில்லை. மூன்று முகங்களோடு வருகிறது. கூடையில் பத்து மாங்காய் இருந்தன. நான்கை அண்டை வீட்டார்க்குக் கொடுத்தோம். எஞ்சியவை எத்தனை என்பது ஒன்று. விருந்தினர் எண்மர் வந்துள்ளனர். அறுத்துவந்த வாழையிலைகள் ஐந்து. இன்னும் எத்தனை இலைகள் வேண்டும் என்பது மற்றொன்று. அக்காளுக்கு வயது பன்னிரண்டு, தம்பிக்கு ஏழு. அக்காள் எத்தனை வயது மூத்தவள் என்பது வேறொன்று. முதலாவதில் பொருள் நீங்குகிறது. இரண்டாவதில் பொருள் நீங்காது, இன்னும் வரவேண்டியுள்ளது. மூன்றாவதில் நீங்குவதும் இல்லை, வருவதும் இல்லை, ஒப்பிடல் மட்டுமே நிகழ்கிறது. மூன்றையும் கழித்தலே தீர்க்கும் என்பதைக் குழந்தை தானாக அறியாது. 'எடுத்துவிடல்' ஒன்றையே பழகிய குழந்தை இலைக் கணக்கைக் கேட்டதும் எட்டையும் ஐந்தையும் கூட்டிப் பதின்மூன்று என்று கூறுவதும் உண்டு. ஆகவே, மூவகைக் கணக்கையும் மாற்றி மாற்றி, வீட்டு நிகழ்ச்சிகளைக் கொண்டே கேளுங்கள்.

ஈரிலக்கக் கழித்தலில் மற்றொரு பிழை தோன்றும். 32இலிருந்து 17ஐக் கழிக்கச் சொன்னால் 25 என்று எழுதும் குழந்தைகள் பலர். இதனுள்ளும் ஒரு முறை உண்டு. சிறியதிலிருந்து பெரியதைக் கழித்தல் ஆகாது என்று நாமே கூறியிருக்கிறோம். அக்கூற்றை நம்பிய குழந்தை, இரண்டில் ஏழு போகாது என்று கண்டு, ஏழிலிருந்து இரண்டைக் கழித்து ஐந்து எழுதுகிறது. மூன்றிலிருந்து ஒன்றைக் கழித்து இரண்டு எழுதுகிறது. 'கடன் வாங்கு' என்று கட்டளை இடுவதால் இது தெளிவுறாது. யாரிடம் வாங்குவது, எப்போது திருப்பிக் கொடுப்பது என்றே அது திகைக்கும்.

அப்போது தென்னை ஈர்க்குகளை எடுத்து வையுங்கள். அவற்றைச் சிறிதாக ஒடித்து, பத்துப் பத்தாக நூலாற் கட்டுங்கள். மூன்று கட்டும் இரண்டு உதிரியும் முப்பத்திரண்டு. அவற்றினின்று ஏழு உதிரி வேண்டும் என்று கேளுங்கள். உதிரி இரண்டே உள்ளது கண்டு குழந்தை சற்றே மயங்கும். விரைந்து விடை கூறிவிடாதீர்கள். சிறிது பொறுத்தால் அது தானே ஒரு கட்டை அவிழ்க்கும். அவிழ்த்தவுடன் உதிரி பன்னிரண்டு ஆகும். ஏழை எடுத்தால் ஐந்து எஞ்சும். நின்ற இரண்டு கட்டுகளில் ஒன்றை எடுத்தால் ஒன்று எஞ்சும். ஆக விடை 15. கடன் எதுவும் இல்லை. கட்டு அவிழ்ந்தது, அவ்வளவே. தன் கையால் அவிழ்த்த கட்டைக் குழந்தை மறப்பதில்லை.

பலகையும் தாளும் எடுத்துக் கணக்குப் போடும் நேரம் சிறிதாய் இருத்தல் நன்று. அதனினும் சிறந்த பயிற்சியை வீடும் தெருவும் தரும். வாயிலிற் கோலமிடும் அன்னையாரின் அருகில் குழந்தையை அமர்த்துங்கள். ஏழு புள்ளி தொடங்கி ஒன்றில் முடியும் இடுக்குப் புள்ளிக் கோலத்தில், நடுவரிசையில் ஏழும், அதன் இருபுறமும் ஆறு, ஐந்து, நான்கு என ஒவ்வொன்றாய்க் குறைந்து ஒன்றும் வரும். ஒன்று குறைத்தலும் ஒன்று கூட்டுதலும் அங்கே கண்ணெதிரே நிகழ்கின்றன. சற்றுப் பெரிய குழந்தை எல்லாப் புள்ளிகளையும் கூட்டிப் பார்த்து 49 எனக் கண்டு வியக்கும்.

பல்லாங்குழியும் நல்லாசிரியரே. பதினான்கு குழிகளிலும் குழிக்கு ஐந்தாகக் காய் இட்டு ஆடுதல் பல ஊர் வழக்கம். குழியில் நான்கு காய் சேர்ந்தால் அதனைப் 'பசு' என்று எடுத்துக்கொள்வர். மூன்றுள்ள குழியில் இன்னும் ஒன்று விழுந்தால் பசு ஆகும் என்று குழந்தை விழித்த கண் இமையாது பார்த்திருக்கும். ஆட்டம் முடிந்தபின் ஒருவர்க்கு நாற்பதும் மற்றவர்க்கு முப்பதும் சேர்ந்தன என்க. தம் ஏழு குழிகளையும் நிரப்ப முப்பத்தைந்து வேண்டும்; முப்பது உடையவர்க்கு ஐந்து குறைகிறது; ஒரு குழி வெறுமையாகிறது. கழித்தல் என்பது தாளில் இடும் கோடன்று, தன் குழியின் வெறுமை என்பதை அக்குழந்தை நன்குணரும்!

கடைக்குச் செல்லும்போது குழந்தையையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். முப்பத்தேழு ரூபாய்ப் பொருளுக்கு ஐம்பது ரூபாய்த் தாளை நீட்டினால் கடைக்காரர் எவ்வாறு மீதி தருகிறார் என்பதைக் காணச் செய்யுங்கள். ஐம்பதிலிருந்து முப்பத்தேழை அவர் கழிப்பதில்லை. "முப்பத்தேழு" என்று தொடங்கி, மூன்று ரூபாய் வைத்து, "நாற்பது" என்பார். பத்து ரூபாய் வைத்து, "ஐம்பது" என்பார். வைத்தது பதின்மூன்று, அதுவே மீதி. கழித்தல் கூட்டலின் மறுபக்கம் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா. மீதியைக் குழந்தையிடமே கொடுத்து எண்ணச் செய்யுங்கள். தன் கணக்கைப் பிறர் நம்புகின்றனர் என்னும் உணர்வு குழந்தைக்குப் பெருமிதம் தரும்.

கற்பிப்போர் கடைப்பிடிக்க வேண்டிய நெறிகள் சில உள. பசித்த பொழுதும் உறக்கம் வரும் பொழுதும் கணக்கு வேண்டா. நாள்தோறும் கால் மணி நேரம் போதும். வாரத்திற்கு ஒருநாள் இரண்டு மணி நேரம் இருத்தி வருத்துதலின் இது நன்று. "இன்னும் ஒரு கணக்கு" என்று குழந்தை கேட்கும்போதே நிறுத்துக. மறுநாள் அது தானே வந்து அமரும். வினாவை வினவியபின் காத்திருக்கப் பழகுங்கள். நமக்கு ஒரு நொடியில் தோன்றும் விடையை அடையக் குழந்தை நெடுந்தொலைவு நடக்க வேண்டியுள்ளது. பிறர் பிள்ளையோடு ஒப்பிட்டு இகழாதீர்கள். விடை சரியாயினும் தவறாயினும், "எப்படிக் கண்டாய்?" என்று கேளுங்கள். தவறியபோது மட்டும் அவ்வாறு கேட்டால், அவ்வினாவே தவறு என்பதற்கு அறிகுறியாகிவிடும். குழந்தை தன் வழியைக் கூறாது மறைக்கத் தொடங்கும். மறைத்த பிழை வளரும். வெளிப்பட்ட பிழை நீங்கும்.

எண்ணில் அச்சம் கொண்ட குழந்தை எண்ணோடு நிற்பதில்லை. பலகையைக் கண்டு அஞ்சும். பின்பு ஆசிரியரைக் கண்டு அஞ்சும். இறுதியில் பள்ளியையே வெறுக்கும். "எனக்குக் கணக்கு வராது" என்று கூறும் வளர்ந்தோர் பலரை நீங்கள் அறிவீர்கள். பிறக்கும்போதே அவ்வாறு கூறிப் பிறந்தவர் எவரும் இலர். எங்கோ ஒருநாள், யாரோ ஒருவர் பொறுமை இழந்திருப்பார். அவ்வொருவராக நீங்கள் ஆகாதிருத்தல் வேண்டும்.

என் தம்பி பிற்காலத்தில் தன் பேரனுக்கு எண் கற்பித்ததை நான் ஒருமுறை கண்டேன். திண்ணையில் புளியங்கொட்டைகள் பரந்து கிடந்தன. ஒரு கொட்டாங்கச்சியும் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. சிறுவன் ஏதோ ஒரு விடை கூறினான். அது பிழையான விடை. தம்பி சினவாது, "எப்படிடா கண்டாய்? எனக்கும் காட்டு" என்றான். நான் வாயிலிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். எழுதப் படிக்கத் தெரியாத எங்கள் பாட்டியார் கற்பித்த பாடம் இரு தலைமுறை கடந்தும் வாழ்வதைக் கண்டு மகிழ்ந்தேன்.

மாணவர்களே! இன்று மாலை இல்லம் சென்றதும் உங்கள் தம்பியையோ தங்கையையோ அருகில் அழைத்து அமர்த்துங்கள். கைப்பிடி புளியங்கொட்டை போதும். பொறுமையோ கையளவு போதாது, மனம் நிறைய வேண்டும்.

பயிற்சி

1. எண் கற்பிக்கும்போது நாம் பொறுமை இழத்தற்கு ஆசிரியர் கூறும் காரணம் யாது?

2. தம்பி செய்த பிழையின் உள்ளே மறைந்திருந்த முறை யாது? பாட்டியார் அதனை எவ்வாறு வெளிப்படுத்தினார்?

3. கழித்தலின் மூன்று முகங்களுக்கும் உங்கள் வீட்டு நிகழ்ச்சியினின்று ஒவ்வோர் எடுத்துக்காட்டுத் தருக.

4. 43இலிருந்து 26ஐக் கழித்து 23 என்று ஒரு குழந்தை எழுதியது. அது சென்ற வழி யாது? ஈர்க்குக் கட்டுகளைக் கொண்டு அதற்கு எவ்வாறு விளக்குவீர்கள்?

5. "மறைத்த பிழை வளரும், வெளிப்பட்ட பிழை நீங்கும்." இக்கூற்றை விளக்கி ஒரு பக்க அளவில் கட்டுரை வரைக.